ஓரமாக வைத்துவிட்டார்கள்

எங்கள் வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் வந்தால் அன்றைக்கு நான்தான் ராணி. அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை படித்துவிட்டுக் கிள்ளான் துறைமுகத்தில் வேலைக்குப் போனவர். அம்மாவுக்கும் அத்தைக்கும் அதுவும் இல்லை. நான் ஒருத்திதான் மலாய்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பழுப்பு உறை வந்துவிட்டால், அது வெறும் தண்ணீர் பில்லாக இருந்தாலும் சரி, நான் பள்ளியிலிருந்து வரும் வரை பிரிக்கப்படாமல் மேசைமேல் கிடக்கும். நான் கைகால் கழுவி, மைலோ குடித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்ட பிறகுதான் உறையைக் கிழிப்பார்கள். சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தக் கொழுப்புதான் எங்கள் அத்தையைக் கவிழ்க்கப் பார்த்தது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் வரிசையிலேயே மூன்றாவது வீடு. பிள்ளைகள் இல்லை. மாமா பள்ளி வேன் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் மாமாவுக்குக் கண் மங்கிய பிறகு, கடைசி ஆறு வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்தது அத்தைதான். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே திரும்ப வேண்டும் என்று அத்தைக்குத் தெரிந்ததையே சொல்லிக்கொண்டு வருவார். அத்தை குள்ளம். முதுகுக்கு ஒரு தலையணை, அடியில் இரண்டு தலையணை வைத்துத்தான் ஓட்டுவார். எதிரில் வருகிறவர்களுக்கு வேன் ஆளில்லாமல் தானாக வருவது போல இருக்கும். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, ஆறு வருடத்தில் ஒரு பிள்ளைக்கு முட்டி சிராய்த்ததில்லை.

மாமா இறந்தபோது பெர்மிட் அவர் பெயரில் இருந்தது. அதைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அத்தை விண்ணப்பம் போட்டார். கோலாலம்பூரில் இருந்த பெர்மிட் அலுவலகம் அனுப்பிய பதிலை நான்தான் வாசித்தேன். அதில் தோலாக் என்று ஒரு சொல். எனக்கா தெரியாது? கடைக் கண்ணாடிக் கதவில் தள்ளு என்பதற்கு அதைத்தான் எழுதி ஒட்டியிருப்பார்கள். “தள்ளிட்டாங்க அத்தை” என்றேன். அந்தத் தடவை அது சரியாகவே இருந்தது. விண்ணப்பதாரர் பெர்மிட்தாரர் அல்ல, ஆகவே நிராகரிக்கிறோம் என்பது காரணம். பெர்மிட் கேட்பவரிடம் பெர்மிட் இல்லையாம், அதனால் பெர்மிட் கிடையாதாம்!

பழைய பெர்மிட் வருடக் கடைசி வரைக்கும்தான். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது புதியது கையில் இல்லையென்றால் அத்தை வேனில் பிள்ளைகளை ஏற்ற முடியாது. அப்பாவுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. சுங்கை வேயில் ஒருவர் வேனை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்துவிட்டு அக்கா எங்கள் வீட்டுப் பின்னறையில் வந்து இருக்கட்டும் என்பது அப்பாவின் திட்டம். பின்னறையில் அப்போது அரிசி மூட்டையும் சக்கரம் இல்லாத என் பழைய சைக்கிளும் குடியிருந்தன.

“இத்தன நாளு கஷ்டப்பட்டது போதும்லா அக்கா” என்றார் அப்பா. பாசத்தில் சொன்னதுதான்.

“நான் கஷ்டப்படுறேன்னு எப்படா உங்கிட்ட சொன்னேன்?” என்று கேட்டார் அத்தை.

அந்தக் கடிதத்தின் அடியில் இன்னொரு வரியும் இருந்தது. இந்த முடிவை ஏற்காதவர் தனியாக இருக்கும் இன்னொரு போர்டுக்கு ராயுவான் செய்யலாம் என்று. மேல்முறையீடு என்ற தமிழ்ச் சொல்லை அப்போது நான் கேள்விப்பட்டதே இல்லை. டிவியில் போடும் மலாய்ப் படங்களில் கோபித்துக்கொண்ட காதலியின் பின்னால் கதாநாயகன் பாடிக்கொண்டே போவானே, அதற்குப் பெயர் மெராயு. ஆகவே நான் அத்தையிடம், “வேணும்னா கெஞ்சிப் பாக்கலாமாம்” என்று சொல்லிவிட்டேன்.

அத்தைக்கு முகம் சிவந்துபோயிற்று. “நான் எதுக்குக் கெஞ்சணும்? யாரு வீட்டுலயாச்சும் திருடினேனா?” என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் என் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முன்னால் வைத்தார். “நீ கெஞ்சுறதுன்னே எழுதிக்க. நான் கேக்குறேன், அவ்ளோதான்” என்றார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் மலாயில் எழுதினேன். எங்கள் வாத்தியார் கற்றுக்கொடுத்த ஒரே கடித வகை, தோழிக்கு எழுதுவது. அதனால் முதல் வரியில், நான் இங்கே நலம், போர்டில் உள்ள அனைவரும் நலமா என்று விசாரித்திருந்தேன். அதைத் தவிர மற்றதெல்லாம் அத்தை சொன்னபடிதான்.

டிசம்பர் விடுமுறையில் பதில் வந்தது. அப்பா, அம்மா, அத்தை மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றுகொண்டு வாசித்தேன். பெர்மிட் அலுவலகத்தின் முடிவு என்று ஆரம்பித்து, கடைசியில் டிகெதெப்பிக்கான் என்று முடிந்தது அந்த வாக்கியம். ஐயோ, எவ்வளவு நீளச் சொல்! நான் பார்த்ததே இல்லை. ஆனால் அதன் நடுவயிற்றில் தெப்பி இருந்தது. தெப்பி என்றால் ஓரம். அத்தை தினமும் “தெப்பில நில்லுங்க, தெப்பில நில்லுங்க” என்று சாலையோரம் பிள்ளைகளை அதட்டும் அதே தெப்பி.

“ஓரமா வெச்சிட்டாங்க” என்றேன்.

“எதை?” என்று கேட்டார் அத்தை.

நான் திரும்ப ஒருமுறை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. “உங்க லெட்டரத்தான். எல்லாத்தையும்தான்” என்றேன். அடுத்த வரியில், திருப்பி அனுப்பப்படுகிறது என்று வேறு இருந்தது. “திருப்பி அனுப்பிட்டாங்களாம்” என்று அதையும் சேர்த்துச் சொன்னேன். கீழே ஒரு தேதி இருந்தது. கடிதம் என்றால் தேதி இல்லாமலா இருக்கும்? மடித்து உறைக்குள் போட்டுவிட்டேன்.

அத்தை அழவில்லை, கத்தவில்லை. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாளிலிருந்து வேனில் வரும் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்து போய், ஜனவரிக்கு வேறு வேன் பார்த்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டு வந்தார். ஒரு வீட்டில் அந்தப் பையன் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தானாம். அதை அம்மாவிடம் சொல்லும்போதுதான் அத்தையின் குரல் கொஞ்சம் உடைந்தது. பிறகு சுடுதண்ணீரும் கத்தியும் எடுத்துக்கொண்டு, வேனில் ஒட்டியிருந்த, பள்ளி பஸ் என்று சொல்லும் ‘பஸ் செக்கோலா’ மஞ்சள் எழுத்துகளைச் சுரண்டினார். நான் பேசின் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். கன்னமெல்லாம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டேன். ஆவி என்றார். அந்தப் போர்டில் இருந்தவர்களை நான் எனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் திட்டினேன்.

சுங்கை வேக்காரர் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்குள் பழைய பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அத்தைக்கு. யாரும் கேட்கவில்லை, ஆனால் அத்தை அப்படித்தான். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு, பஸ் பிடித்துக் கோலாலம்பூர் போனார்.

கௌண்டரில் தலையில் முக்காடு போட்ட ஒரு மலாய் அக்கா இருந்தார். நான் நிமிர்ந்து நின்று, என் அத்தை பெர்மிட்டை ஒப்படைக்க வந்திருக்கிறார் என்று பள்ளிக்கூட மலாயில் அழகாகச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். கடிதத்தை நீட்டினேன். அவர் படித்தார். எங்கள் இருவரையும் பார்த்தார். மறுபடி படித்தார்.

“இது நல்ல சேதியாச்சே” என்றார் மலாயில். “ஓரமா வெச்சது இந்த ஆபீஸ் சொன்ன முடிவை. உங்க அத்தையை இல்ல.”

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, நான் சின்னப் பிள்ளைதானே, நிதானமாகச் சொன்னார். முன்னே தோலாக் என்று சொன்னார்களே, அந்த முடிவு செல்லாது என்று மேலே இருக்கிற போர்டு தள்ளி வைத்துவிட்டது. திரும்பி வந்திருப்பது கடிதம் இல்லை, விஷயம். இதே அலுவலகம் முதலிலிருந்து மறுபடி விசாரித்து முடிவு எடுக்க வேண்டும். கடிதத்தின் அடியில் இருந்த தேதி அந்த விசாரணைக்கு, வருகிற திங்கட்கிழமை. அன்றைக்கு வராமல் இருந்தால் எல்லாம் போய்விடும்.

“என்னம்மா சொல்றாங்க?” என்று அத்தை என் தோளை உலுக்கினார்.

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது. அழுதுகொண்டே சொன்னேன். தப்பாகப் படித்துவிட்டேன் என்பதையும் சொன்னேன். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அத்தை என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கௌண்டரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த மலாய் அக்காவுக்கும் சிரிப்புத் தொற்றிக்கொண்டது. பின்னால் வரிசையில் நின்ற லோரிக்காரர் ஒருவர் என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தார்.

கீழே இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து துறைமுகத்துக்குப் போன் போட்டோம். நெசமாவா, நெசமாவா என்று அப்பா இரண்டு தடவை கேட்டார். சுங்கை வேக்காரரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை அத்தை வேனை எடுத்தார். அப்பா லீவு போட்டுவிட்டு, கல்யாணங்களுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். அக்காவுக்காகத் தான்தான் பேச வேண்டும் என்று இரண்டு நாளாகக் குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தார். நான் இரட்டைச் சடை போட்டு, அகராதியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பட்ட அவமானத்தை அன்றைக்குத் துடைத்தே தீருவது என்று முடிவு.

நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, யார் பெமோஹோன் என்று கேட்டார். விண்ணப்பதாரர் யார் என்று அர்த்தம். அப்பா எழுந்து தொண்டையைக் கனைத்தார். நான் அகராதியைத் திறந்தேன். அதற்குள் அத்தை எழுந்து நின்றுவிட்டார்.

“பெமோஹோன் ஸாயா” என்றார். ஸாயா என்றால் நான்.

அப்பா நின்றபடியே இருந்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார். அவர்கள் கேட்கக் கேட்க, பாசாரில் மீன் வாங்கும் மலாயிலேயே அத்தை பதில் சொன்னார். கணவருக்குக் கண் தெரியாத காலத்தில் வேனை ஓட்டியது யார்? ஸாயா. மழையில் வேன் நின்றுபோனால் பார்ப்பது யார்? ஸாயா. பெற்றோர் வர நேரமானால் பிள்ளையோடு வாசலில் நிற்பது யார்? அதற்கும் ஸாயாதான். ஓரத்தில் இருந்தவர், இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கலாமே என்று தன்மையாகத்தான் கேட்டார். வேண்டாம், எனக்கு இந்த வேலை பிடிக்கும் என்றார் அத்தை. அவருக்கு எது பிடிக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு நடுவில் இருந்தவர், பெர்மிட் அத்தையின் பெயரில் தரப்படும் என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

திரும்பி வரும்போது அப்பா பின்னால், சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டி இருக்கையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுங்கை வேக்காரருக்கு இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் அக்கா என்றார். நான் முன்னால் உம்மென்று இருந்தேன். அத்தனை பெரிய அகராதியைச் சுமந்துகொண்டு போன என்னிடம் யாரும் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்கவில்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல் கடைசியில் வாயைத் திறந்தேன்.

“நீங்க சொன்னது தப்பு அத்தை. ஸாயா பெமோஹோன்னுதான் சொல்லணும். மாத்திச் சொன்னா ‘என்னோட விண்ணப்பதாரர்’னு ஆயிடும்.”

“அப்படியா?” என்றார் அத்தை. “எங்க, இன்னொரு வாட்டி சொல்லு.”

சொல்லிக்கொடுத்தேன். சுபாங் ஜெயா தாண்டும்போது அத்தை அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பத்து தீகாவில் லோரிகளுக்குப் பின்னால் நின்றபோது இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக. அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. ஸாயா பெமோஹோன், ஸாயா பெமோஹோன் என்று, ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு, முகம் கொள்ளாத சிரிப்போடு, கிள்ளான் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். என் இலக்கணப் பாடம் அத்தைக்கு எவ்வளவு சீக்கிரம் ஏறிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.