படத்தின் பின்பக்கம்

எனக்கு விடுப்பு, அதுதான் எதையும் எட்டிப் பார்த்து அறிகிற ஆவல், கொஞ்சம் கூடத்தான். என் மனைவி இதை இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் ஓர் ஓவியக்கூடத்தில் காவலாளியாகச் சேர்ந்து, ஆறுமாதத் தகுதிகாண் காலம் முடிய நான்கே நாள் இருந்தபோது, அந்த விடுப்பு என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. ஐம்பத்துமூன்று வயதில், வேலை செய்த தொழிற்சாலையை மூடியபின் கிடைத்த இடம். இதுவும் போனால் வேறு யார் தருவார்கள்?

அன்று ஒரு ரஷ்ய ஓவியரின் படம் வந்து இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். இருண்ட ஆறு, மேலே நிலா. அந்த நிலாவோ, ஐயோ, எரிந்தது! இப்படியொரு படத்தை அவர் திரைகளை இழுத்து மூடிய அறையில் தனியாக வைத்துக் காட்டினாராம். விளக்கு ஏதும் ஒளித்து வைத்திருக்கிறாரோ என்று சிலர் பின்னால் எட்டிப் பார்த்தார்களாம். அவ்வளவு புகழுக்குப் பிறகு, பல வருடம் எவருக்கும் படம் காட்டாமல் கூரையில் பறவைகளுக்குத் தீனி போட்டாராம். சுவரில் ஒட்டவிருந்த குறிப்பை மூன்று தரம் வாசித்தேன்.

படத்தை இன்னும் மாட்டவில்லை. நிலத்தில் ரப்பர் கட்டைகளின் மேல், சுவரில் சாய்ந்து நின்றது. மாட்டுகிறவர்கள் ஏணி எடுக்கப் போயிருந்தார்கள். மெல்லப் படத்தின் பின்னால் எட்டிப் பார்த்தேன். திரும்பும்போது காலில் இருந்த சப்பாத்து படத்தின் சட்டத்தில் பட்டுவிட்டது.

புத்தகத்தில் கால் பட்டால் என்ன செய்வோம்? கை தானாகப் போய்ச் சட்டத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. நிமிர்ந்தால், வாசலில் ஓவியக்கூடப் பொறுப்பாளர் அம்மா.

“ஏன் தொட்டீர்கள்?”

வெறுங்கையால் தொட்டதை மட்டும்தான் அவர் கண்டிருந்தார். என் வாய் சும்மா இருந்ததா? விளக்குத் தேடியது, கால் பட்டது, மன்னிப்புக் கேட்டது எல்லாவற்றையும் ஜெர்மனில் கொட்டிவிட்டேன். டோர்ச் அடித்துச் சட்டத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். கீறல் இல்லை. “நாளைக்குப் பேசுவோம்” என்றார்.

“தொட்டதைச் சொன்னதோட நிண்டிருக்கலாமே! கால் பட்டதையும் ஏன் சொன்னனீங்கள்?” என்று மனைவி தலையில் கைவைத்தாள்.

“அவ கேக்கேக்க சொல்லாம இருக்க ஏலாதப்பா.”

இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் பொறுப்பாளர் அம்மா ஒரு கடிதத்தை நீட்டினார். இரண்டு தரம் வாசித்த பிறகுதான் புரிந்தது. வேலை நிரந்தரம்!

“நான் காணாததையும் சொன்னீர்கள். அந்த அறையில் நீங்களே நில்லுங்கள்.”

கண் கலங்கிவிட்டது. நான் கதவடிக்குப் போனதும் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“விளக்கு இருந்ததா?”

“இல்லை. மரச்சட்டமும் ஆணியும்தான்.”

“அப்போ நான் எட்டிப் பார்த்தபோது கண்டதும் சரிதான்” என்றார்.