ஆம்ப்ரோஸ் சொன்ன பத்துப் படி

பெங்களூரில் பட்டாளம் தங்கியிருந்த தண்டில், பிளாக்பள்ளி மாதா கோவிலுக்குப் பின்சந்தில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஆம்ப்ரோஸை அந்நாளில் தெரியாதவர் கிடையாது. தப்பித் தவறி யாராவது அகப்பட்டால் அவரே தெரியப்படுத்திவிடுவார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, எவனோ ஒருவன் அடுப்பில் சாம்பல் அள்ளியவர். அப்புறம் பட்டாளத்துத் துரைமார் வீட்டு பட்லர்களே அவர் கடை வாசலில் காத்து நின்றார்கள். இப்படித் தானாக முன்னுக்கு வந்த மனுஷன் கொஞ்சம் பெருமை பேசினால்தான் என்ன? உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே, பேசட்டுமே.

ஒரே ஓர் இடத்தில்தான் அந்தப் பெருமை செல்லாது. அது மனைவி ஜோசஃபின் முன்னால். கடை அடுப்பு அணைந்தால் அவளுக்கு வீட்டு அடுப்பு. பிள்ளைகள் நாலு. கடைக்குட்டி மௌரீன் இடுப்பை விட்டு இறங்கவே மாட்டாள். அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்து பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஜோசஃபின் சொல்லிவிட்டாள்:

"என்னாங்க, இந்த லீவுக்கு நான் மட்டும் கோலார் தங்கவயலுக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். பிள்ளைங்க உங்க கூடவே இருக்கட்டும். ஒரு நாளாவது நான் காலை நீட்டிப் படுக்கணும்."

துரைமாருக்கு அஞ்சாத ஆம்ப்ரோஸ் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"நாலையும் வச்சிக்கினு நான் இன்னாடி பண்றது? நானே உன்னை நந்தி மலைக்கு இட்டுக்கினு போறேன். நீ அடுப்புப் பத்த வைக்க வேணாம், பாத்திரம் கழுவ வேணாம், பிள்ளையைக்கூடத் தூக்க வேணாம். மகாராணி மாதிரி வா, போதும்."

"இதுல ஒண்ணு தவறினாலும் மறுநாள் ரயில்ல நான் தங்கவயல். லீவு முடிஞ்சிதான் வருவேன்."

"ஆம்ப்ரோஸ் வாக்குடி இது!"

அன்றிலிருந்து கடையில் ரொட்டிப் பேச்சை விட மலைப் பேச்சு அதிகம். புளிச்சோறு ஓட்டலில் சொல்லியாகிவிட்டது. சமுக்காளம், கூஜா எல்லாம் தயார். குழந்தைகளோடு மலை ஏறுவது எப்படி என்பது ஒன்றுதான் பாக்கி. அதற்கும் ஆள் இருந்தார். கடைக்கு வெண்ணெய் போடும் சேஷகிரி சிக்கபள்ளாபுரத்துக்காரர். நந்தி மலை நிழலிலேயே வளர்ந்தவர். அவர் கன்னடத்தில் சுருக்கமாகச் சொன்னார்: "மெட்லு ஹத்து, அஷ்டே!"

மெட்லு என்றால் படி. ஹத்து என்றால் பத்து. அஷ்டே என்றால் அவ்வளவுதான். வெண்ணெய் டின்னும் மாவு மூட்டையும் எண்ணி எண்ணியே கன்னடம் கற்றவருக்கு இது கூடவா தெரியாது? ஆம்ப்ரோஸ் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்.

"ஜோசு! பத்தே பத்துப் படியாம்!"

"மலைக்கா?"

"கன்னடம் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

ரயிலில் நந்திக்குப் போய், மாட்டுவண்டி பிடித்து அடிவாரத்தில் இறங்கினார்கள். படிகள் இருந்தன. புதருக்குள் புகுந்து, பாறையைச் சுற்றி, மறுபடி தெரிந்து, மேகத்துக்குள் போய்க்கொண்டே இருந்தன.

மூத்தவள் பியாட்ரிஸ் அண்ணாந்து பார்த்தாள். "அப்பா, இதுல எந்தப் பத்து?"

விஷயத்தைக் கேட்டதும் வண்டிக்காரன் மாட்டின் மேலேயே சாய்ந்து சிரித்தான். "அய்யோ சாமி, ஹத்துன்னா பத்தும்தான், ஏறுன்னாலும் ஹத்துதான்! படி ஏறு, அவ்ளோதான்னு சொல்லியிருக்காரு அவரு."

ஆம்ப்ரோஸ் மீசையைத் தடவிக்கொண்டார். ஜோசஃபின் மௌரீனை இடுப்பிலிருந்து எடுத்து அவர் தோளில் உட்கார வைத்தாள். மாமரத்தடியில் சமுக்காளத்தை விரித்தாள். காலை நீட்டினாள்.

"நீ வரல?"

"மகாராணி படி ஏறுவாளா? வாக்கு குடுத்தவர் ஏறட்டும்."

பிள்ளைகள் அதற்குள் ஆட்டுக்குட்டி மாதிரி மேலே ஓடிவிட்டார்கள். போகாமலிருந்தால் வாக்கும் போச்சு, லீவும் போச்சு. ஆம்ப்ரோஸ் ஏறினார். மாமரத்தடியில் ஜோசஃபின் பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு அது முதல் தடவை.

வெயில் சாய்ந்தபின் அவர் இறங்கி வந்து கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மௌரீன் மட்டும் தோளில் ராணி மாதிரி வந்தாள்.

"அப்பா சொன்னது நெசம்தாம்மா," என்றாள் பியாட்ரிஸ். "பத்துப் படிதான். பத்து ஏறுவாரு, உக்காருவாரு. அப்புறம் இன்னொரு பத்து."

ஜோசஃபின் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கை பறந்துபோனது. தங்கவயல் பேச்சை அப்புறம் அவள் எடுக்கவே இல்லை.

அடுத்த வருஷம் லீவு வந்ததும் ஆம்ப்ரோஸ் உஷாராக ஆரம்பித்தார். "ஜோசு, இந்தத் தடவை சமதரையா ஓர் ஏரிக்கரை பாத்து வச்சிருக்கேன். படியே கிடையாது."

"ஏரிக்கரை எதுக்குங்க?" என்றாள் ஜோசஃபின், ரொட்டியை அடுக்கிக்கொண்டே. "படி இருக்கிற ஊரா பாருங்க."