ஹீட்டருக்கு நான் மாட்டிய சுவிட்ச்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்ததும் அப்பாவின் டீசல் மினி லாரியில் என் திறமையைக் காட்டினேன். கிளப்புவதற்கு முன் என்ஜினைச் சூடாக்கும் ஹீட்டருக்கு அவர் காலிங் பெல் பொத்தான் வைத்திருந்தார். அதை அழுத்திக்கொண்டே இருபது எண்ண வேண்டும். விரல் வலிக்கிறதே என்று, அதைக் கழற்றிவிட்டு வீட்டு விளக்குச் சுவிட்சை மாட்டினேன்.

மறுநாள் காலை நல்ல மழை. அக்காவுக்குப் பிரசவ வலி. ஆட்டோ கிடைக்காமல் லாரியிலேயே ஏற்றினோம். நான் சுவிட்சைப் போட்டேன், வண்டி கிளம்பியது. அடையாறு பாலத்தில் ரப்பர் கருகும் வாடை வந்தது. அக்காவின் முழங்காலருகே புகை.

"இன்னா பாப்பா, ஹீட்டரு இன்னும் ஆன்லயே கீது!" என்று அப்பா கத்தினார்.

சுவிட்ச் உருகிப்போய் அணைக்க வரவில்லை. அப்பா வண்டியை நிறுத்தி, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு வயரைப் பிடுங்கினார்.

"உன் டிப்ளமோவத் தூக்கி ஆத்துல கடாசுடி!" என்று அக்கா வலியோடு அலறினாள். "நைனா, சீக்கிரம் வண்டிய எடு!"

நல்லவேளை, ஹீட்டர் வயரைப் பிடுங்கியும் ஓடிக்கொண்டிருந்த என்ஜின் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது.

மறுபடி பெல் பொத்தானையே மாட்டிவிட்டேன். விரலை எடுத்தால் அது தானாக அணைந்துவிடும். இப்போதெல்லாம் எந்தச் சுவிட்சை மாட்டினாலும், அணைக்க மறந்தால் என்ன ஆகும் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.