காத்திருப்புப் பட்டியலில் இருபத்துமூன்று

ரயில் நிலைய முன்பதிவு அறையில் ஐந்து கவுண்டர்கள். ஐந்திலும் ஒரே கணினி, ஒரே கட்டணம், ஒரே மாதிரி முனகிக்கொண்டு சுற்றும் மின்விசிறி. ஆனாலும் மூன்றாம் கவுண்டரில் மட்டும் வரிசை கதவைத் தாண்டி வெளியே நிற்கும். அங்கே உட்கார்ந்திருந்தவள் கன்ஃபார்ம் அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. காத்திருப்புப் பட்டியலில் பதினேழோ எழுபதோ, எந்த எண் விழுந்தவரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அக்கா, கன்ஃபார்ம் ஆயிடுமா?"

அவள் திரையைப் பார்ப்பாள், நாள்காட்டியைப் பார்ப்பாள், கேட்டவர் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பாள். "ஆயிடும், போய் மூட்டையைக் கட்டுங்க" என்பாள். இல்லையென்றால், "இது தேறாது. புதன்கிழமை வண்டிக்கு மாத்திக்குங்க" என்பாள். இந்தக் கவுண்டருக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் அவள் சொல்லிப் பிசகியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டால்தான் விழிப்பாள். அவளுக்கே தெரியாது. தெரியாததுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது.

ஒருநாள் வரிசையில் நின்ற கல்லூரி வாத்தியார் ஒருவர், "நீங்க மனசுல போடுற கணக்குக்கு ஒரு படிப்பே இருக்கும்மா, புள்ளியியல்னு பேரு" என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மனுஷர் சும்மா போயிருக்கலாம். அன்றையிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளியை முடித்த வருஷமே வேலை வந்துவிட்டது. "படிப்பு எங்கே ஓடிப் போகப்போகுது" என்று வீட்டார் சொன்னார்கள், அவளும் நம்பினாள். இருபத்தைந்து வருஷமாக அது ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது நிலையத்திலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு சாயங்காலக் கல்லூரி, அதில் புள்ளியியல், நாற்பது இடம். விண்ணப்பத்தைப் போட்டாள், நுழைவுத் தேர்வையும் எழுதினாள். நாற்பத்துமூன்று வயதில் தேர்வு அறைக்குள் நுழைந்தவளைப் பார்த்து, மேற்பார்வைக்கு வந்தவர் என்று நினைத்துப் பாதிப்பேர் எழுந்து நின்றது தனிக்கதை.

மார்க் வந்தது. நூற்றுக்கு ஐம்பத்தொன்று. பள்ளி மார்க் ஐம்பத்தெட்டு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஐம்பத்து நான்கரை. போன வருஷம் கடைசியாக உள்ளே போனவருக்கு ஐம்பத்தொன்பது.

மகள் பதினொன்றாம் வகுப்பு, வாய் பதினைந்தாம் வகுப்பு. போனில் முடிவைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இந்த மார்க்கை நான் வாங்கிட்டு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"முதுகுல ரெண்டு வெச்சிருப்பேன்."

"இப்ப யார் முதுகுல வைக்கிறது?"

"என் முதுகு சும்மாதான் இருக்கு" என்றார் கணவர். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவி மேலே போகிறாள் என்றால் கீழே நின்று கயிறு பிடிக்கத் தயங்காத மனுஷர்.

இரண்டு வாரம் கழித்துக் கல்லூரி பட்டியலை வெளியிட்டது. நாற்பது பேர் தேர்வு. அதற்குக் கீழே முப்பது பேர் காத்திருப்பில். அக்காவின் எண் இருபத்துமூன்று.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். அக்காவுக்குக் கண் பளபளத்தது. காத்திருப்புப் பட்டியல்! அவள் ஆடிப் பழகிய களம் அல்லவா! மதிய இடைவேளையில் பட்டியலை அச்செடுத்து, சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் நாலாம் கவுண்டர்க்காரர். நல்ல நாளிலேயே 'நடக்காது' என்பதைத் தவிர வேறு வார்த்தை தெரியாதவர்.

"இங்க பாருங்க அண்ணே. இந்தப் பன்னெண்டு பேரும் எண்பதுக்கு மேல. இவ்வளவு மார்க்கை வெச்சுக்கிட்டு சாயங்காலக் காலேஜுக்கு எதுக்கு வரப்போறாங்க? இவங்கல்லாம் மூணு வண்டியில டிக்கெட் போட்டு வெச்சிருக்கிற கேஸு. ரெண்டை ரத்து பண்ணிடுவாங்க."

"சரி, பன்னெண்டு."

"இந்த எட்டுப் பேர் முதல் நாளே விண்ணப்பம் போட்டவங்க. முதல் நாளே டிக்கெட் போடுறவனுக்கு ரெண்டு மாசத்துல மனசு மாறிடும். கடைசி நாள் வந்து முட்டுறானே, அவன்தான் கட்டாயம் வண்டி ஏறுவான். அப்ப இருபது ஆச்சா? கல்யாணம், மாற்றல், காய்ச்சல்னு ஒரு மூணு. மொத்தம் இருபத்துமூணு!"

"உனக்கு எவ்வளவு வேணுமோ கரெக்டா அவ்வளவே வருது பாத்தியா?" என்றார் நாலாம் கவுண்டர்க்காரர், மோரைக் குடித்துக்கொண்டே. "நடக்காது."

அக்கா அவருடைய மோரைப் பிடுங்கிக் குடித்தாள்.

ஆனால் பட்டியல் நகர்ந்தது. தினமும் காலையில் ஒரு தடவை கல்லூரியின் இணையப் பக்கத்தில் எண் மாறும். இருபத்துமூன்று பதினேழாயிற்று. பதினேழு பதினொன்று. பிறகு ஆறு. வீட்டில் எண்ணைத் தவிர வேறு பேச்சில்லை. மகள் பல்விளக்கிக்கொண்டே "எத்தனை?" என்பாள். கணவர் ஏதோ மாடியில் தொங்கிக்கொண்டே போன் செய்து "எத்தனை?" என்பார். ஐந்தாம் நாள், இரண்டு. அன்றைக்கு அக்கா பொடிமாஸுக்கு உப்பை இரண்டு தரம் போட்டாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கடைசி நாள் காலை ஒன்பது மணி. கவுண்டர் திறக்க இன்னும் இரண்டு நிமிடம். போனில் பார்த்தாள். நிலை என்ற கட்டத்தில் ஒரே வார்த்தை: தேர்வு.

அக்கா உட்கார்ந்திருந்தது சுழல் நாற்காலி. அது மூன்று சுற்றுச் சுற்றியது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்றவர்களைப் பார்த்து, "எனக்குக் கன்ஃபார்ம் ஆயிடுச்சு!" என்று கத்தினாள்.

"எந்த வண்டிக்கா?" என்றார் பெட்டியோடு நின்ற ஒருவர்.

"காலேஜுங்க! எனக்குக் காலேஜ்!"

வரிசை மொத்தமும் கைதட்டியது. கணவருக்குப் போன் போட்டாள். "நான் எட்டாவது மாடியில நிக்கிறேன், சொல்லு" என்றார். "நான் அதுக்கும் மேல நிக்கிறேங்க!" என்றாள். அதற்கப்புறம் தலைகால் புரியாமல் டிக்கெட் கொடுத்தாள். வந்தவருக்கெல்லாம் ஜன்னலோர இருக்கை. யாராவது கீழ்ப்படுக்கை கேட்டால், "உங்களுக்கு இல்லாததா!" என்றாள். வகுப்பு திங்கட்கிழமை தொடக்கம். நோட்டு வாங்க வேண்டும், ஒரு நல்ல பை வாங்க வேண்டும். இப்படியே மணி பன்னிரண்டே கால் ஆயிற்று.

அப்போதுதான் அந்த நர்ஸ் வந்தாள். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சீருடை, கையில் கசங்கிய டிக்கெட், முகத்தில் தூக்கமில்லை.

"அக்கா, நாளைக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கேன். அங்க ஒரு ஆஸ்பத்திரியில வேலை. இதை ரத்து பண்ணவா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்."

"என்னம்மா, ரெண்டு மனசா இருக்கே?"

"சாயங்காலக் காலேஜ்ல புள்ளியியலுக்குப் போட்டிருக்கேன். முதல்ல வந்த பட்டியல்ல காத்திருப்பு இருபத்துநாலு. சீட்டு கிடைச்சா ஊருக்குப் போகமாட்டேன், இங்கேயே இருந்து படிப்பேன். எனக்கு முன்னாடி இருக்கிற இருபத்துமூணாம் நம்பர் இன்னும் நேர்ல வந்து கையெழுத்துப் போடலையாம். ஒரு மணிக்குள்ள வரலைன்னா அந்த இடம் எனக்குன்னு ஆபீஸ்ல சொன்னாங்க." நர்ஸ் கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி வந்தாள். "வருவாங்களா அக்கா? உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே."

அக்கா போனை எடுத்துப் பார்த்தாள். 'தேர்வு' என்ற வார்த்தைக்குக் கீழே, எறும்பு சைஸ் எழுத்தில்: இன்று பகல் ஒரு மணிக்குள் அசல் சான்றிதழ்களுடன் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும்; தவறினால் இடம் அடுத்தவருக்கு.

பதினெட்டு வருஷமாகத் திரையில் ஒரே ஒரு கட்டத்தைப் பார்த்துப் பழகிய கண். நிலை என்ன, அவ்வளவுதான். ரயிலில் ஒரு தடவை கன்ஃபார்ம் ஆகிவிட்டால் அந்தப் படுக்கை உங்கள் பேரில் பேசாமல் படுத்திருக்கும், யாரும் வந்து கையெழுத்துப் போடச் சொல்லமாட்டார்கள். கல்லூரியும் அப்படித்தான் என்று இவளாக நினைத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் சொன்ன பல்லி தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுந்ததாம்! தினமும் நூறு பேரிடம் "கீழே எழுதியிருக்கு, படிங்க சார்" என்று எரிந்து விழுகிறவள் வேறு.

"வருவாங்கம்மா" என்றாள் அக்கா. "அந்த இருபத்துமூணு நான்தான்."

நர்ஸ் அப்படியே நின்றாள். இந்தப் பெண் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாற்பத்தைந்து நிமிடத்தில் இடம் அவளுடையது. அதை இருவரும் ஒரே நேரத்தில் உணர்ந்தார்கள். அப்புறம் நர்ஸ் சிரிக்க ஆரம்பித்தாள். கையால் வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு.

"ஐயோ, உங்ககிட்டயே வந்து நானே சொல்லிக் குடுத்துட்டேனே! சரி, என்ன உக்காந்திருக்கீங்க? எந்திரிங்கக்கா, மணி ஆகுது!"

"நீயும் வா. அங்க வந்து நில்லு. யார் கண்டா!"

நாலாம் கவுண்டர்க்காரர் எழுந்து நின்று, "மூணாம் வரிசை எல்லாரும் என்கிட்ட வாங்க! நீ ஓடு தாயி, ஓடு!" என்று கத்தினார். நடக்காது என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அசல் சான்றிதழ் வீட்டில். கணவருக்குப் போன் செய்தாள். எந்தக் கோப்பு, எந்த அறை என்று விளக்க நேரமில்லை, விளக்கினாலும் அவருக்குக் கிடைக்காது. "அலமாரியில ரெண்டாவது டிராயர்ங்க, காலேஜ் வாசலுக்கு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, நாலு தெருவையும் ஓடியே கடந்தாள். கூடவே நர்ஸும் ஓடினாள். பழக்கடைக்காரர், எந்த வீட்டில் யாருக்கு என்ன ஆபத்தோ என்று பதறி எழுந்தார். அக்காவுக்கு மூச்சு வாங்கியது, விலாவில் குத்தியது, ஆனாலும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

கல்லூரி வாசலில் கணவர் ஸ்கூட்டரோடு நின்றார். கைப்பிடிக்கும் மடிக்கும் நடுவே டிராயர். ஆமாம், டிராயரையே உருவிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளே கரண்டு பில், உடைந்த மூக்குக்கண்ணாடி, திருகாணி டப்பா, மகளின் ஒன்றாம் வகுப்பு ஓவியம், எல்லாவற்றுக்கும் அடியில் மார்க் பட்டியல். அந்த டிராயரை அப்படியே தூக்கிக்கொண்டு மூவரும் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது, மேஜைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் தன்னையறியாமல் எழுந்துவிட்டார்.

மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. பதிவேட்டில் நாற்பது வரி. முப்பத்தெட்டில் கையெழுத்து இருந்தது. காலியாக இருந்த இரண்டில் ஒன்று அவளுடையது. தினமும் முந்நூறு சீட்டில் கிறுக்குகிற கை, இங்கே அவசரப்படவில்லை. தன் முழுப் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். எழுதி முடித்ததும் பொலபொலவென்று கண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறோம் என்று அவளுக்கே நன்றாகத் தெரிந்தது, அதனால் நிறுத்த முயலவில்லை. கணவர் திருகாணி டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

"இன்னொரு வரி காலியா இருக்கே?" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நாலாம் நம்பர். எண்பத்தெட்டு மார்க். வந்துகிட்டே இருக்கேன்னு பதினொரு மணிக்கே போன் பண்ணிட்டார்" என்றார் எழுத்தர்.

நர்ஸ் சுவரோரம் நின்றாள். டிக்கெட்டை விரலில் சுருட்டிச் சுருட்டி அது குழலாகிவிட்டிருந்தது. மணி ஐம்பத்தேழு. மெல்லக் கேட்டாள்: "அக்கா, எனக்குக் கிடைக்குமா?"

அக்காவுக்கு வாய் வரை வந்துவிட்டது, 'ஆயிடும்' என்று. எண்பத்தெட்டு மார்க்குக்காரர், மூன்று வண்டியில் டிக்கெட் போட்டவர். ஆனால் போன் செய்திருக்கிறார். போன் செய்தவர் வருவார். வராமலும் இருப்பார். நர்ஸின் முகத்தைப் பார்த்தாள். எதையும் எண்ண முடியவில்லை.

"தெரியலைம்மா" என்றாள் கன்ஃபார்ம் அக்கா. "கிடைக்கணும்னு அடிச்சுக்குது மனசு. அது கணக்கு இல்ல, ஆசை. நிஜமாவே எனக்குத் தெரியலை."

நர்ஸ் தலையசைத்தாள். அக்கா அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. மூவரும் திரும்பினார்கள். தண்ணீர்க் கேனோடு ஒருவர் வந்து, கேனை இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

சுவர்க் கடிகாரத்தில் ஒரு மணி. எழுத்தர் நாலாம் எண்ணின் பெயரைக் கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து, நடைக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. அந்தப் பெயரின் மேல் அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தார், பக்கத்தைப் புரட்டினார், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அடுத்தது... காத்திருப்புல இருபத்துநாலு. வந்திருக்காங்களா?"

நர்ஸ் வாயைத் திறப்பதற்குள், அவளுக்குப் பதிலாக அந்தக் கட்டடமே அதிரும்படி அக்காதான் கத்தினாள்: "இருக்காங்க! இருக்காங்க சார், இங்கதான் இருக்காங்க!"