கறுத்துப்போன கடைசி மெம்ப்ரேன்

மெம்ப்ரேன் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. பினாங்கில் இத்தனை வருடம் லேப் டெக்னீஷியனாக இருந்தவன் நிதானமாக யோசித்திருக்க வேண்டும். நான் உட்கார நாற்காலி தேடினேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இதயத் தசையிலுள்ள சில புரதங்கள் சரியாக வேலை செய்ய அவற்றின்மேல் பாஸ்பேட் ஏற வேண்டும். ஏற்றிவிடுவது ஒரு வகை என்சைம், கழற்றிவிடுவது இன்னொரு வகை. பலவீனமான இதயத்தில் கழற்றுகிறவன் கை ஓங்கிவிடும். அந்தக் கையைப் பிடித்துவைக்கும் மருந்து ஒன்றை டாக்டர் சிவமலர் சோதித்துக்கொண்டிருந்தார். நோயாளிகள் சம்மதித்துக் கொடுத்த தசைத் துணுக்கில் மருந்தைப் போட்டு, புரதத்தைப் பிரித்து மெம்ப்ரேன் என்கிற மெல்லிய தாளில் ஏற்றி, பாஸ்பேட்டைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஊற்றுவோம். மருந்து வேலை செய்திருந்தால் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அன்று சோதித்தது கடைசித் துணுக்கு. கோடு வராவிட்டால் ஆய்வையே மூடிவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்தது கோடல்ல, அமாவாசை.

ப்ரீசர் கெட்டுத் துணுக்கு அழுகிவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதினேன். ப்ரீசருக்குப் பொறுப்பும் நான்தான். இங்கேயே மாரடைத்து விழுந்தால் அடுத்த துணுக்கு என்னுடையதுதான் என்று தோன்றியது. மெம்ப்ரேனை எறியக் குப்பைத் தொட்டியை மிதித்துத் திறந்தபோது டாக்டர் உள்ளே வந்தார்.

"டாக்டர், நான் ரிசைன் பண்ணிடுறேன்."

"என்னலா அண்ணே, காலையிலேயே? காட்டுங்க அதை."

வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆன்டிபாடி கண்ட இடத்துல ஒட்டாம இருக்க ஊறவைப்போமே, நேத்து எதுல ஊறவச்சீங்க?"

"நான் எங்க வச்சேன்? நான் ஜெலுத்தோங்குக்குச் சாப்பிடப் போனேன். நீங்கதானே ஹெல்ப் பண்றேன்னீங்க."

டாக்டர் நெற்றியில் கைவைத்தார். "அச்சச்சோ! மத்த டெஸ்டுக்குச் செய்யுற மாதிரி பால் பவுடர்ல வச்சிட்டேன். பால் புரோட்டீன்லயே பாஸ்பேட் நெறைய இருக்கே! ஆன்டிபாடி அதைத்தான் பிடிச்சிருக்கு."

"இதயத்துக்கே பால் ஊத்திட்டீங்களே டாக்டர்!"

"வாயக் கழுவுங்க அண்ணே. அப்புறம் மெம்ப்ரேனையும் கழுவுங்க. நம்ம புரோட்டீன் எங்கயும் போகலை."

ஒட்டிய ஆன்டிபாடியையும் பாலையும் உரித்தெடுத்து, பாலுக்குப் பதில் பாஸ்பேட் ஏறாத அல்புமின் புரதத்தில் ஊறவைத்து, மறுபடி ஆன்டிபாடி ஊற்றினோம். மறுநாள் படம் திரையில் வந்தது. மருந்து போடாத பக்கம் மங்கல். போட்ட பக்கம் திடமான ஒரே கோடு.

டாக்டர் அந்தக் கோட்டைத் திரையில் தொட்டுக் காட்டினார். "இன்னும் நிறையப் பேரோட துணுக்குல பார்க்கணும் அண்ணே. ஆனா இப்ப அவங்ககிட்ட தைரியமா கேக்கலாம்லா."

தம்பி தங்கைகளே, மெம்ப்ரேன் கறுத்தால் தாராளமாகப் பயப்படுங்கள், நான் துணைக்கு வருகிறேன். குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதில் ஒட்டியிருப்பது யாரோ ஒருவர் நம்மை நம்பிக் கொடுத்த இதயம்.