சுவர்ப்பக்கம் இல்லாத கப்பல்

நான் செய்த முதல் கப்பலுக்கு ஒரு பக்கம்தான் இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கள்ளக்குறிச்சியில் மரத்தில் சாமி செதுக்கும் பட்டறை எங்களுடையது. கணவரும் இரண்டு ஆட்களும் உளி பிடிப்பார்கள். நான் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். எங்கள் சிற்பங்களுக்கு முதுகு கிடையாது. சுவரில் சாயப்போகிற பக்கத்தை யாரும் செதுக்குவதில்லை. சுவர்ப்பக்கம் என்று தட்டையாக இழைத்து விட்டுவிடுவோம். ஆளுயரப் பெருமாளாக இருந்தாலும் பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் பலகைதான். அந்தப் பழக்கத்தில், போனில் பார்த்த ஒரு பழைய பயணிகள் கப்பலை மிச்ச வாகைத் துண்டில் செதுக்கியபோது புகைபோக்கி, படகு, ஜன்னல் எல்லாவற்றையும் ஒரு பக்கம் மட்டும் வைத்து, மறுபக்கத்தை இழைத்துவிட்டேன். பட்டறையே சிரித்தது. கோமுகி அணையில் விட்டால்கூடக் கவிழ்ந்துவிடும் என்றார்கள்.

கப்பல் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. கடலை நான் பார்த்ததே இரண்டு முறைதான். ஆனால் சாமிக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் உளியைத் தொட்டால் நாலு பேர் திருத்த வருவார்கள். கப்பலைப் பற்றி ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதனாலேயே எனக்குக் கப்பல் பிடித்தது.

அடுத்த கப்பலை இரண்டு பக்கமும் செய்தேன். அதற்கடுத்ததை அளவெடுத்துச் செய்தேன், அசலில் நூறு அடி என்றால் என்னிடம் ஓர் அடி. கைப்பிடிக் கம்பிக்கு ஊதுபத்திக் குச்சி. வட்ட ஜன்னலுக்குச் செருப்பு தைக்கிறவரிடம் வாங்கிய பித்தளை வளையம். சிரிப்பு கொஞ்சம் கம்மியானது.

அப்போதுதான் சின்னசேலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா மலேயா போய்ச் சம்பாதித்து வந்தவராம். அவர் போன கப்பலை மண்டபத்து முகப்பில் வைக்க வேண்டும் என்று ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்தார். என் கணவரைத் தேடி வரவில்லை, என்னைத் தேடி வந்தார். என்னை நம்பி வந்த முதல் வேலை அது. அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

படத்தில் கப்பலின் முன்தளம் திறந்து கிடந்தது. அதில் ஜனங்கள் மூட்டையும் தகரப்பெட்டியுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அறை எடுக்க வழியில்லாமல் வெயிலிலேயே கடல் தாண்டியவர்கள். நூற்றெழுபது வரை எண்ணினேன். அதற்கு மேல் தலைகள் கலந்துவிட்டன. எண்ண முடிந்த அத்தனை பேரையும் தீக்குச்சியில் செதுக்கினேன், குச்சிக்கு மூன்று ஆள். கண் எரிந்தது, விரல் நுனி காய்த்துப்போனது. ஒருவரைக்கூட விடவில்லை.

கப்பல் முடிந்ததும் பார்க்க வந்த மண்டபக்காரர் சுற்றிச் சுற்றி வந்து மெச்சினார். முன்தளத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இன்னாம்மா இது, மூட்டையோட உக்காந்துகினு இருக்கறாங்க? எங்க தாத்தா மேல ரூம்ல போனவரு. வர்றவன் பாத்தா இன்னா நெனைப்பான்? எடுத்துடு."

இவர்கள் கொடுத்த கட்டணத்தில்தான் அந்தக் கப்பலே ஓடியது, எடுக்க முடியாது என்றேன். என் கணவர் என்னைத் தனியே கூப்பிட்டார். தீக்குச்சிதானே, உளி முனையால் பெயர்த்தால் இரண்டு நிமிட வேலை, வந்த ஆளை விரட்டாதே என்றார். நான் அசையவில்லை. கடைசியில் மண்டபக்காரர் இறங்கி வந்தார். சுவரை ஒட்டித்தான் வைக்கப்போகிறோம், அவர்களை எல்லாம் சுவர்ப்பக்கமாகத் தள்ளி ஒட்டிவிட்டால் யார் கண்ணிலும் படாது, உனக்கும் திருப்தி எனக்கும் திருப்தி என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பட்டறையில் இத்தனை வருடமாக என்னை வைத்திருந்த இடமே அந்தச் சுவர்ப்பக்கம்தான். நான் தேய்த்துப் பளபளக்க வைத்த எந்தச் சாமியைக் காட்டியும் என் பெயரை யாரும் சொன்னதில்லை.

"கப்பலுக்கு சுவத்துப் பக்கம் கெடையாதுங்க," என்றேன். "ஒரு வாட்டி வெச்சுத்தான் ஊரே சிரிச்சுது. மறுபடியும் வெக்க மாட்டேன்."

அவர் படத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என் கணவர் இரண்டு நாள் தானே சோறு போட்டுச் சாப்பிட்டார். கை நழுவிய வேலையை நினைத்து நான் அழுதேன், அதையும் மறைக்கவில்லை.

மூன்றாம் நாள் பட்டறையின் நட்டநடுவில் மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் கப்பலைத் தூக்கி வைத்தேன். இப்போது உளி எடுக்கப் போகிறவரும் தண்ணீர் குடிக்கப் போகிறவரும் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். இடைஞ்சல் என்று முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். கப்பல் அங்கேதான் இருக்கும்.