பால் பொங்குவதற்கு முன்

தருமபுரத்தில் வீட்டு புரோக்கராக இருப்பவனுக்கு முதலில் செருப்பு தேயும், அப்புறம் முழங்கால். மானம் தொழிலுக்கு வந்த அன்றே தேய்ந்துவிடுவதால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அன்று மூன்றாவது மாடி. லிஃப்ட் வழக்கம்போல ரிப்பேர். பள்ளி ஆசிரியை கலைச்செல்வி குடிவருகிறார். வாடகை ஒன்பதாயிரம் என்று பேசி முடித்தவன் நான். அவருடைய மகள் காலேஜில் படிக்கிறாள். அதற்கு மேல் தாங்காது என்று டீச்சர் முதலிலேயே சொல்லியிருந்தார். கேஸ் அடுப்பில் பால் வைத்தாயிற்று. ஹவுஸ் ஓனர் கதவில் சாய்ந்து தொண்டையைச் செருமினார்.

"மெயின்டனன்ஸ் ஆயிரத்தைந்நூறு தனிங்க. வாட்ச்மேன், மோட்டாரு, மாடிப்படி லைட்டு... புரோக்கர் சொல்லியிருப்பாரே?"

புரோக்கருக்கே அப்போதுதான் தெரியும். சில ஓனர்களின் வழக்கம் இது. பால் காய்ச்சிய வீட்டை விட்டு யாரும் உடனே கிளம்ப மாட்டார்கள், அபசகுனம். அதனால் மிச்ச வாடகையைப் பால் சூடான பிறகுதான் சொல்வார்கள்.

நான் சர்க்கரை டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஃபேனைப் பார்த்தேன். ஃபேனும் இல்லை, வெறும் கொக்கிதான் இருந்தது.

"என்னண்ணே, இது வேறயா?" என்றார் டீச்சர்.

"மொதல்ல பால் பொங்கட்டும்மா, அப்பறம் பேசிக்கலாம்." இத்தனை வருட அனுபவத்தில் எனக்கு வாய்த்த யோசனை அதுதான்.

பாலின் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியிருந்தது. டீச்சர் அடுப்பை அணைத்தார்.

"இன்னும் பொங்கலீங்க. அப்ப நாங்களும் இன்னும் குடி வரல. அண்ணே, பாத்திரத்தப் புடிங்க, எறங்கலாம்."

ஓனருக்கு வியர்த்துவிட்டது. "அய்யய்யோ, பொங்காத பாலைத் தூக்கிட்டு எறங்காதீங்கம்மா! எதுத்த வீட்டுல பாத்தா தெரு பூராச் சொல்லிடுவாங்க. அப்பறம் இங்க எவன் குடி வருவான்?"

"அப்ப மெயின்டனன்ஸு?"

"எல்லாம் சேத்தே ஒம்பதாயிரம். பத்த வைங்கம்மா."

"அண்ணன் அத அக்ரிமென்ட்ல எழுதட்டும். அப்பறம் பத்த வைக்கிறேன்."

எழுதினேன். ஓனர் கையெழுத்துப் போட்டார். பால் பொங்கியது. எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. சர்க்கரை இல்லாத பால். டப்பா இன்னும் என் கையில்தான் இருந்தது.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். மாதம் மொத்தமாக எவ்வளவு போகும் என்று கேளுங்கள். அடுப்பைப் பற்ற வைப்பதற்கு முன்பே கேளுங்கள்.

நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். மெயின்டனன்ஸ் தனி. குடிவந்த அன்று ஓனர் வாயைத் திறப்பதற்குள், "பொங்கிடுச்சு, பொங்கிடுச்சு!" என்று மாடி அதிரக் கத்தியவன் நானேதான்.